இனி அந்த மாத்திரை வேண்டாம்

என்னங்க,

நீங்கள் அனுப்பிய பேதி மாத்திரை வந்து சேர்ந்தது. இனி அனுப்ப வேண்டாம். ஒரு மாத்திரைக்கு வயிறு அசையவில்லை என்றதும், நீங்கள் சொன்னபடி இரண்டு போட்டேன். போய்ப் போய் உடம்பில் நீரெல்லாம் வற்றி, அடுப்படியிலேயே மயங்கி விழுந்தேன். அது நின்றதும் வயிறு பழையபடி கல்தான்.

அத்தை என்னை ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிப்போனார். அந்த வைத்தியர் அம்மா மாத்திரையைப் பிடுங்கி மேசைக்குள் போட்டுவிட்டார். "இது கடும்பேதி. உடம்பைப் பார்த்து அளவா ஒரு தடவை குடுக்கறது. இஷ்டத்துக்குப் போட்டா ஆளையே கொண்டு போயிடும்" என்றார். பிறகு அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "எப்போலேருந்து இப்படி?" என்று கேட்டார்.

கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்ததிலிருந்து என்றேன்.

"அடக்கி வைக்கிறியா?"

தலையாட்டினேன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். அத்தை, நான், உங்கள் தம்பி என்றேன்.

"இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்றார்.

தாழ்ப்பாள் போட ஆளை வரச் சொன்னேன். உங்கள் தம்பி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு அண்ணி தாழ்ப்பாளு?" என்று சிரிக்கிறார். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கிளம்பி வாருங்கள். இன்று காலையில் பார்த்தேன், நம் படுக்கையறைத் தாழ்ப்பாளில் ஒரு திருகாணியைக் காணோம்.

உங்களை நம்பி இந்த வீட்டுக்கு வந்தவள்