கூடத்துத் தொட்டியில் ஏறிய உப்பு

என் உயிர் அப்பாவுக்கு,

முதலில் மீன் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கோவையிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் நீங்கள் அதைத்தானே காட்டுவீர்கள். இரண்டு கோமாளி மீன்களும் நலம். தோல் பவளம் விரிந்து நிற்கிறது. வலது பக்கப் பாறையில் இருந்த பச்சைப் பொத்தான் பவளம் மட்டும் போய்விட்டது. அது எப்படிப் போனது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் காரியம் முடிந்த பிறகு ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்தேன். ஆரம்பத்தில் தொட்டிப் பக்கம் போகவே மனம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறன்று பார்த்தால் தோல் பவளம் வாடிய காளான் மாதிரி சுருங்கிக் கிடந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் நின்று வேகமாக மூச்சு வாங்கின.

"நான் ஒரு கொறையும் வெக்கலை கண்ணு," என்றாள் அம்மா. "தீனி அளவாத்தான் போடறேன். அவிய போனது அதுகளுக்கும் தெரிஞ்சுருச்சாட்ட இருக்குது."

சித்தப்பாவும் வந்திருந்தார். "அண்ணன் ஒருத்தராலதான் இதைப் பாத்துக்க முடியும். உசுரு இருக்கறப்பவே மீன் கடைக்காரர்கிட்டக் குடுத்துரலாமுங்க அண்ணி," என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

உங்கள் சோதனைப் பெட்டியைத் திறந்தேன். அம்மோனியா இல்லை. நைட்ரேட் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பவளம் இப்படிச் சுருங்கும் அளவுக்கு இல்லை. காரத்தன்மையும் சரி. கடைசியாகத்தான் உப்பு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய கோடு நாற்பத்தொன்றில் நின்றது. கருவியில் கோளாறோ என்று உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. கருவியில் தப்பில்லை.

"ஏனுங்கம்மா, தொட்டியில தண்ணி கொறைஞ்சா எதை ஊத்துனீங்க?"

"உங்கப்பா நீல ட்ரம்முல கலக்கி வெச்ச உப்புத் தண்ணியத்தான். அது தீந்ததும் அந்த வாளி உப்பை எடுத்து நானே கலக்குனேன். கடல் மீனுக்கு நல்ல தண்ணியவா ஊத்துவாங்க?"

இந்த வெயிலுக்கும் மின்விசிறிக்கும் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும், அதனால் உப்பில்லாத தண்ணீரால்தான் ஈடு செய்ய வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தானே நீங்கள் ஒரு குட்டி மோட்டார் வைத்திருந்தீர்கள், மட்டம் இறங்கினால் தானாக ஆர்.ஓ. தண்ணீரை இழுத்து விட? அது ஏன் ஓடவில்லை என்று ஸ்டாண்டின் பின்னால் கைவிட்டுத் தேடினேன். ப்ளக் கழன்று தொங்கியது. உங்களைக் கிடத்திய குளிர்பெட்டிக்கு அந்த இடத்தில்தான் கரண்ட் எடுத்திருந்தார்கள். பெட்டி போன பிறகு மோட்டாரைத் திரும்பச் செருக ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவிடம் எதையாவது சொல்லி மழுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் என் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

"இல்லீங்கம்மா. ப்ளக்கைப் புடுங்குனது யாருன்னே தெரியலை. இத்தனை பேரு வந்து போனாங்க. தண்ணி கொறையுதுன்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

அம்மா முந்தானையால் கண்ணாடியில் இருந்த உப்புக் கறையைத் துடைத்தாள். "செரி, இப்ப என்ன பண்ணோணும்?" என்றாள்.

ஒரேயடியாக உப்பை இறக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே எல்லாம் செத்துவிடும். அதனால் தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விட வேண்டும். நான் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே அம்மாவே செய்தாள். கருவியைப் பிடிக்கவும் கோட்டைப் படிக்கவும் அன்று மாலையே கற்றுக்கொண்டாள். தினமும் ஃபோனில் எண்ணைச் சொல்வாள், நான் "இன்னைக்கு ஒரு வாளி போதும்" என்பேன்.

நடுவில் தோல் பவளத்தின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தது. அழுகுகிறது என்று அம்மா பயந்துவிட்டாள். அது தோல் உரிக்கிறது என்று நான்தான் தைரியம் சொன்னேன், எனக்கே முழு நிச்சயம் இல்லாமல். பொத்தான் பவளம் அந்த வாரம்தான் கரைந்தது. மற்றதைக் கெடுக்கக் கூடாது என்று அம்மாவே அதை எடுத்துப் போட்டாளாம்.

பிறகு ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது அழைப்பு. எடுத்ததும், "விரிஞ்சிருச்சு கண்ணு," என்றாள். "கை மாதிரி எல்லாத்தையும் நீட்டிட்டு ஆடுது." வெளியே வந்து நின்றுதான் என்னால் பேச முடிந்தது.

ஒன்று கேட்க வேண்டும் அப்பா. "சாயப்பட்டறையில பகலெல்லாம் கழிவுத் தண்ணியிலிருந்து உப்பை எடுக்கறாரு, ஊட்டுக்கு வந்தா தண்ணியில உப்பைப் போடறாரு" என்று அம்மா கேலி செய்வாளே, நீங்களும் சிரிப்பீர்களே. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஏன் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை? அவள் கேட்கவில்லையா, உங்களுக்குத் தோன்றவில்லையா?

சித்தப்பா போன வாரம் மறுபடியும் கடைக்காரர் பேச்சை எடுத்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க தம்பி, நைட்ரேட்டு இன்னும் எறங்கோணும்," என்றாள் அம்மா.

ஆனால் அவளுக்கு இப்போது ஒரு ஆசை வந்திருக்கிறது. கோவையில் நாங்கள் சோதனை மருந்து வாங்கப் போன கடையில், விரல் நீளத்தில் மஞ்சளாக ஒரு மீன் மணலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. அம்மா அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை. "உங்கப்பா வாங்குனது இருக்கட்டும். இது நான் வாங்கறது," என்கிறாள்.

தண்ணீர் சரியாகும்வரை அவளை வாங்க விடமாட்டேன் அப்பா. சரியான அன்றைக்கு நானே கூட்டிப் போய் வாங்கித் தருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எப்போதும் உங்கள் மூத்த மகள்,
கோகிலா