கருமாதி முடிந்தவளுக்குக் கோதுமை

இன்று காலை என் மகள் அடுப்பில் கோதுமை ரவை வறுத்தாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். தோழி, நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நம் இருவருக்கும் சேலத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயிலில் வேலை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கோதுமை ரவையையும் எண்ணெய் டின்களையும் வேனில் ஏற்றிப்போய், ஆதரவில்லாத முதியவர்களுக்குக் கொடுப்போம். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு ஊரில்தான் அந்தக் கிழவியைப் பார்த்தோம்.

உச்சி வெயில். வரிசையில் நின்ற கிழவிக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். அவள் முறை வந்தபோது, பின்னால் நின்ற கிழவர் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து பையை நீட்டினார்.

“முன்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்களே,” என்றாய் நீ.

“எந்த அம்மாங்க? இங்க யாருமில்லீங்களே.”

அவர் முகத்தில் கேலி இல்லை. மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோருடைய பார்வையும் அவளைக் கடந்து பின்னாலிருந்த வேலியில் இருந்தது. நம் இருவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாளோ என்று உன் கையைப் பிடித்தேன். உன் கையும் குளிர்ந்துதான் கிடந்தது.

அவளே மெல்லச் சொன்னாள்: “அவுங்களுக்கு நான் தெரிய மாட்டேன் சாமி. டி.பி. ஆஸ்பத்திரியில ரெண்டு வருசம் கெடந்தேன். பொழைக்க மாட்டேன்னு எம் பையனும் பங்காளிகளும் காட்டு நெலத்தைப் பங்கு பிரிச்சு, கருமாதியும் பண்ணிப் போட்டாங்க. நாந்தான் தெரியாம திரும்பி வந்துட்டேன்.”

சர்க்காரின் முதியோர் உதவித்தொகைக்கு அவளால் மனுப்போட முடியாது. மகன் இருப்பவளுக்கு அது கிடையாது, செத்தவளுக்கும் கிடையாது. நம்மிடம் வாங்கவும் ஊரார் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் கையை விரித்தார். “செத்தவங்களுக்கு எப்படிங்க சாட்சி சொல்றது?”

நீ அவரோடு வாதாடவில்லை. “வாங்கம்மா, உங்க வீட்டுக்குப் போலாம்,” என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாய். நானும் வந்தேன். மகன் காட்டுக்குப் போயிருந்தான். உள்ளே சுவரில் அவளுடைய படம், வாடாத மாலை, முன்னால் எரியும் விளக்கு. அந்தப் படத்துக்கு நேர் எதிரே, வாசற்படிக்கு வெளியே, அவள் நின்றாள்.

மருமகள் நம்மை வரவேற்று ஒரு சொம்பு தண்ணீர் தந்தாள். நீ பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கிழவியிடம் கொடுத்தாய். அவள் அண்ணாந்து குடித்தாள். பார்க்கக் கூடாதென்று தரையையே வெறித்திருந்த மருமகளின் கண்கள் தம்மையறியாமல் அந்தச் சொம்போடு மேலே ஏறின.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“போதும் சாமி,” என்றாள் கிழவி.

அவ்வளவுதான். மருமகள் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த முறை வேன் போனபோது மருமகளே வந்து ஊர்ப் பெரியவர் எதிரில் நின்றாள். “எங்க அத்தை உசுரோடதானுங்க இருக்காங்க. நான் சொல்றேன், எழுதிக்கோங்க.” அன்று முதல் கிழவிக்குக் கோதுமையும் எண்ணெயும் கிடைத்தன. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் பொங்கித் தின்றாள். மகன் மட்டும் கடைசி வரை அவளைப் பார்க்கவில்லை. தினமும் அவளைத் தாண்டிப் போய் அவள் படத்துக்கு விளக்கேற்றினான்.

சில வருடங்களில் கப்பல் சரக்கு நின்றது. அதற்கு முன்பே அவள் போய்விட்டாள். சேதி கேட்டு நாம் போனபோது மகன் அமைதியாகச் சொன்னான்: “அம்மாவுக்கு எல்லாம் அப்பவே பண்ணியாச்சுங்க.”

வேன் டிரைவரும் கோயில் காவல்காரரும் முன்னால் தோள் கொடுக்க, பின்னால் நீயும் நானும் பாடையைத் தூக்கினோம். மருமகள் தீச்சட்டியோடு முன்னே நடந்தாள். ஊர் நடுவே போனோம். யாரும் கதவைச் சாத்தவில்லை, எழுந்திருக்கவில்லை. கடலைச் செடி ஆய்ந்தபடி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நடுத்தெருவில் நீ, “நாமளும் அவுங்க கண்ணுக்குத் தெரியலயாடி?” என்று கிசுகிசுத்தாய். அடுத்த கணமே நீ தலையை நிமிர்த்தி, தெருவே அதிரும்படி, “எங்கம்மா போறாங்க!” என்று கத்தி அழுதாய். அப்போதும் ஒருவரும் திரும்பவில்லை.

போன மாதம் உன்னைத் தூக்க உன் பிள்ளைகளும் பேரன்களும் முந்திக்கொண்டு நின்றார்கள். கல்லறைத் தோட்டம் வரை தெரு நிறைய ஆட்கள். கூட்டத்தின் ஓரமாக நான் மெல்ல நடந்தேன். அன்று அவள் பாடையைத் தாங்கிய என் வலது தோள் மட்டும், யாரும் எதையும் வைக்காமலேயே, வழி நெடுகத் தாழ்ந்து தாழ்ந்து கனத்தது. இன்னும் நிமிரவில்லை.