ஐப்பசி வரைக்கும்

அண்ணா,

இன்று காலை ராசிபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் பழைய தோலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஓமலூரிலிருந்து சேதி வந்த அன்று நான் ஷிப்டுக்குப் போனேன். வேலை பார்த்தேன், சாப்பாட்டு மணி அடித்ததும் சாப்பிட்டேன். அழுகை வரும், வரும் என்று இருந்தேன், வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். போன காரியத்தில் மனசு ஒட்டவில்லை. திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தபாலில் போடுவாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

நம் மில்லில் மேனேஜர் என்றால் மாடியில் உட்காருகிற துரை. கால்பந்து அணிக்கு ஒரு மேனேஜர் வேண்டும் என்று உங்களைக் கொண்டுவந்தபோது, இரண்டு பேருக்கும் ஒரே பெயர் ஆகாது என்று சனங்களே ஒரு வழி பண்ணினார்கள். நீங்கள் ‘பந்து மேனேஜர்’ ஆனீர்கள். அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் கிண்டலும் இருந்தது. பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளத்தை எதிர்த்து ஆடி முழங்கால் கெட்டுப்போன ஆள் நீங்கள். மில்லில் நூல் எடை போடுகிற வேலை கொடுத்தார்கள், தொழிலாளர் லைனில் ஒரு வீடும் கொடுத்தார்கள். ஆனால் அந்த வேலையும் வீடும் பந்துக்காகத்தான். பந்து போனால் எல்லாம் போகும். அது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்போதெல்லாம் நாங்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கணுக்காலில் ஒரு துணிப் பட்டி, அவ்வளவுதான். வெயில் காலத்தில் எங்களைப் பிடிக்க ஆளில்லை. ஐப்பசியில் ஷீல்டு ஆட்டம் வரும், கூடவே மழையும் வரும். ரயில்வேக்காரர்கள் பூட்ஸ் காலோடு சேற்றில் ஊன்றி நிற்பார்கள், நாங்கள் வழுக்கி வழுக்கி விழுவோம். வருஷா வருஷம் இதே கூத்து. நீங்கள் வந்த தை மாதத்தில் எங்களை மைதானத்தில் உட்காரவைத்து ஒரு பேச்சுப் பேசினீர்கள். பேச்சென்று சொல்ல முடியாது, நாலு வார்த்தைதான்.

“இனி எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடோணும். ஐப்பசி வரைக்கும் எனக்கு டயம் குடுங்க. அதுவரைக்கும் தோப்போம், நெறையத் தோப்போம். தோத்தாலும் கழட்டப்படாது. மழை உழுந்த பொறவு பேசிக்கலாம்.”

எல்லோரும் கை தட்டினோம். பந்துக் கமிட்டித் தலைவராக இருந்த மேஸ்திரியும் தட்டினார். தை மாதத்தில் கை தட்டுவதற்கு என்ன செலவு.

சொன்னபடியே தோற்றோம். மாசியில் தோற்றோம், பங்குனியில் தோற்றோம். பையன்களின் குதிகாலெல்லாம் கொப்புளம் கட்டி, உடைந்து, மறுபடியும் கட்டியது. மில்லில் நின்று வேலை பார்க்க முடியாமல் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார்கள். மைதானத்தில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் பொழுதுபோக்காகிப் போனோம்.

“ஏனுங்க பந்து மேனேஜர், லாடமெல்லாம் கட்டிப்போட்டீங்க, சந்தைக்கு எப்பங்க ஓட்டறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“நல்ல வெலை வந்தா ஓட்டிரலாமுங்க,” என்றீர்கள் நீங்கள். அவரே சிரித்துவிட்டார்.

நான் கோலி. கம்பங்களுக்கு நடுவே நிற்கிறவனுக்குத் தன் ஆட்கள் எல்லோருடைய முதுகும் தெரியும். சித்திரையில் அவர்கள் முள்ளுக்காட்டில் நடக்கிற மாதிரி ஓடினார்கள். ஆனியில் அப்படி இல்லை. இரண்டு மூன்று பேர் பூட்ஸை மறந்துவிட்டு ஓடினார்கள். ஓடுகிறவனைவிட நின்று பார்க்கிறவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் தோல்வி தோல்விதான். பலகையில் எழுதுகிறவன் முதுகைப் பார்த்து எழுத மாட்டான்.

சாயங்காலங்களில் உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போடுவோம். அண்ணி கடலை வறுத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன், இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி என்று. நீங்கள் தலை நிமிரவில்லை.

“காலு புதுசாக் கத்துக்குது தம்பி. அதுக்கு வாயில்லே. இருந்தா அதுவே டயம் கேட்டிருக்கும். அது கேக்க மாட்டாம நான் கேக்கறேன்.”

ஆடிப் பண்டிகைக்கு முந்தின ஆட்டத்தில் போலீஸ்காரர்களிடம் தோற்றோம். அவர்களும் வெறுங்கால்காரர்கள். எங்கள் மில் ஆட்களே எங்களைப் பார்த்து ஊளையிட்டார்கள். பண்டிகை முடிந்த வாரம் மேஸ்திரி கமிட்டியைக் கூட்டினார். நானும் அதில் ஒருவன். உங்களைக் கூப்பிடவில்லை.

“இன்னும் எவ்வளவுங்க தோக்கறது? துரை கேக்கறாரு, நான் என்னத்தைச் சொல்றது?” என்றார் மேஸ்திரி.

“அவரு கேட்டது மழைக்காலமுங்க. நாம குடுத்திருக்கறது வெறும் வெயிலு,” என்றேன் நான். “ஐப்பசி வரட்டும். அப்பவும் தோத்தா நானே போயிச் சொல்லிப்போடறேன்.”

எனக்கு ஒத்து ஒருவர் பேசினார். பந்து மேனேஜர் போகட்டும் என்று இரண்டு பேர் பேசினார்கள். மேஸ்திரி எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் முடிவு. அவர் கெட்டவர் இல்லை அண்ணா. உங்கள் வீட்டில் கை நனைத்தவர். போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, இரு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வெற்றிலையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார், வாயில் போடவே இல்லை.

“அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க,” என்றார் கடைசியில். “யாருக்கும் பொல்லாப்பு இல்லை.”

“பொண்ணெடுக்கறதுக்குக் கேப்பாங்க, கெணறு வெட்டறதுக்குக் கேப்பாங்க. பந்துக்காரனுக்குமாங்க பூக் கேக்கறது?” என்றேன்.

“ஆத்தாளுக்கு எல்லாம் ஒண்ணுதான்,” என்று மேஸ்திரி எழுந்துவிட்டார். அதற்கு மேல் பேசினால் அது அம்மனை எதிர்த்துப் பேசினதாகிவிடும். அதுதான் அந்த வழியில் இருக்கிற வசதி.

உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன். வெள்ளை அரளி ஓர் இலையில், சிவப்பு அரளி இன்னோர் இலையில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. மேஸ்திரி கும்பிட்டு, வாய்விட்டுக் கேட்டார். பூசாரியின் பேத்தி வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை என்றால் அம்மன் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. பிரித்தார்கள். சிவப்பு. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது, போகட்டும் என்றவர்கள் முகத்தில் மட்டுமில்லை.

சேதி சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. உங்களோடு பழகினவன் நான்தானே. நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். கேட்டுவிட்டு, துண்டில் கையைத் துடைத்து, துண்டை உதறிக் கொடியில் போட்டீர்கள்.

“அம்மங்கிட்ட என்னன்னு கேட்டாங்க?”

“பந்து மேனேஜர் இருக்கட்டுமா, வேண்டாமான்னுங்க.”

“ஐப்பசி வரைக்கும் இருக்கட்டுமான்னு கேக்கலையா?”

“இல்லீங்க.”

“நான் கேட்டது அதுதானே தம்பி.”

உங்கள் குரலில் கோபம் இல்லை. ஏதோ சாமான் வாங்கப் போய் ஒன்றை மறந்துவிட்டு வந்தவனிடம் சொல்கிற மாதிரி சொன்னீர்கள். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கேட்டார்கள்.

“இப்ப நாங்க யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க? மேஸ்திரியக் கேட்டா அம்மங்கறாரு. உங்களக் கேட்டா மேஸ்திரிங்கறீங்க.”

“சும்மா இரு. ஆத்தாளப் போயிக் கேப்பியா?” என்றீர்கள். பிறகு கோயில் இருக்கிற திக்கில் கும்பிட்டீர்கள். “சரி. அவ சொன்னாச் சரி.”

அந்த வாரமே லைன் வீட்டைக் காலி பண்ணினீர்கள். ஓமலூருக்கு வண்டி கட்டினோம். மேஸ்திரி வந்து கண் கலங்கினார், வழிச்செலவுக்கு என்று எதையோ அண்ணி கையில் திணித்தார். “நம்ம கையில என்னங்க இருக்குது,” என்றார். நீங்களும் ஆமாங்க என்று தலையாட்டினீர்கள். வேறென்ன செய்ய முடியும்? திட்டினால் அம்மனைத் திட்டியதாகும். நியாயம் கேட்டால் அம்மனிடம் கேட்டதாகும். மனுசர்கள் செய்ததை மனுசர்களிடம் கேட்க முடியாதபடி உங்களைக் கட்டிப்போட்டோம்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் மழை வரவில்லை அண்ணா. மேகம் கூடும், கலையும். மைதானம் களத்துமேடு மாதிரி இறுகிக் கிடந்தது. பையன்கள் பூட்ஸை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார்கள். வெறுங்காலில் ஆடி, சுமாராக ஆடி, வழக்கம்போல ஷீல்டில் பாதியிலேயே வெளியே வந்தோம்.

“பாத்தீங்களா, ஆத்தாளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குது,” என்றார் மேஸ்திரி. நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? தெரியாது. மழையே இல்லாத வருஷத்தில் நீங்களும் தோற்றிருக்கலாம். அதற்கு அடுத்த வருஷமும் தோற்றிருக்கலாம். அவகாசம் கொடுத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. அப்படித் தேறாதவர்களை மில்லிலும் பார்த்திருக்கிறேன், பந்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் தோற்போம் என்று முதல் நாளே சொன்ன மனுசனைத் தோற்றான் என்று சொல்லி அனுப்புவது என்ன கணக்கு? எங்களுக்கு ஒரு கெடு சொன்னீர்கள், நாங்கள் கை தட்டி ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்ட கெடு வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். ஜெயித்துக் கொடுப்பீர்கள் என்பதற்காக இல்லை. ஒத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் ஒருமுறை ஓமலூர் வந்தேன், நினைவிருக்கிறதா? கடலை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள். முழங்கால் இன்னும் மோசமாகி, தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தீர்கள். ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லி விசாரித்தீர்கள். மேஸ்திரி சௌக்கியமா என்றுகூடக் கேட்டீர்கள். காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை திட்டுவீர்கள், திட்டினால் எனக்குக் கொஞ்சம் இறங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். “நல்லா இருக்கறேன் தம்பி, போயிட்டு வா,” என்றீர்கள். எனக்கு அன்று உங்கள் மேல் கோபமாகக்கூட வந்தது.

மேஸ்திரி இப்போது இல்லை. கமிட்டிக்கு நான்தான் தலைவன். போன வருஷம் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஆளைப் பந்து மேனேஜராக எடுத்தோம். ஒரு வருஷம் கேட்டான். நல்ல உழைப்பாளி, வாய் ஜாஸ்தி. தோற்றான். பாதி வருஷத்திலேயே கமிட்டியில் ஒருவர் ஆரம்பித்தார், பூக் கேட்டுப் போடலாமே என்று.

“பூ வேண்டாமுங்க. அவனவனுக்கு வாய் இருக்குது,” என்றேன். “வருசம் முடியற வரைக்கும் அவன் இருப்பான். இது நான் சொல்றது. துரை கேட்டா எம் பேரைச் சொல்லுங்க.”

வருஷம் முழுக்க விட்டேன். முழுக்கத் தோற்றான். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கெடு முடிந்த மறுநாள் நான் தனியாக அவன் வீட்டுக்குப் போனேன்.

“போதும் சாமி. நீ கெளம்போணும். இது நான் எடுத்த முடிவு.”

சண்டைக்குப் பிடித்துக்கொண்டான். லைனில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

“நீ பந்தைத் தொட்டு எத்தனை வருசமாச்சு? கோலுக்குள்ள நின்னு தூங்குன ஆளு நீ, எனக்குச் சொல்ல வந்துட்டியா? நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

அவன் பெண்டாட்டியும் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அவன் முடிக்கிற வரைக்கும் நின்றேன். என் தலையில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டேன்.

அவனுக்குத் திட்ட ஒரு முகம் இருந்தது அண்ணா. உங்களுக்கு நாங்கள் அதைக்கூட வைக்கவில்லை.