கழித்த பின் மிஞ்சியது

கிள்ளான்
10 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய சிவநேசன் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் நீங்களும் பெங்களூரில் மகள் மதுமிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். இங்கே மூன்று நாளாக மழை.

உங்கள் கடிதம் ஜூலை தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. போன வருஷம் எனக்கு அகராதி அனுப்புவதற்காக வாங்கிய முகவரிக்கே எழுதியிருந்தீர்கள். நான்கு வருஷமாக நம் இணையப் புதிர்ப் பக்கத்தில் என்னைக் 'கிள்ளான் மேடம்' என்று மட்டுமே அழைத்துவந்தவர், இதில் முதல்முறையாக 'மலர்விழி' என்று எழுதியிருந்தீர்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் கோலாலம்பூர் வர நினைப்பதாகவும், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விடுதியில் தங்கிக்கொள்வதாகவும், என்னை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றும், இருவருக்கும் சம்மதமானால் மீதிக் காலத்தை ஒரே வீட்டில் கழிக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். படித்துவிட்டு மடித்து அரிசி டின்னுக்கு மேல் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு பதிலும் போடவில்லை, புதிர்ப் பக்கமும் வரவில்லை. கோபத்தில் விலகிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தங்கை லோகேஸ்வரியிடம் சொன்னேன். சுபாங் ஜெயாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவளுக்கு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டியிருந்தது. காலையில் ஒரே ஒரு குறிப்பு வெளியாகும், அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சொல் ஒளிந்திருக்கும், கண்டுபிடித்தவர்கள் புதிர் ஆசிரியருக்கு மட்டும் விடையை அனுப்புவார்கள், மாலையில் பெயர்ப் பட்டியலும் விடையும் வந்த பிறகுதான் விடையைக் கூடிப் பேசலாம், அதுவரை பக்கத்தில் சின்னத் துப்பு மட்டும் தரலாம் என்றேன். உதாரணம் கேட்டாள். 'கடி வாங்கிய தம்பி கடைசியை இழந்தால் தபாலில் வரும்' என்ற பழைய குறிப்பைச் சொன்னேன். கடியோடு, கடைசி எழுத்து இல்லாத தம்பியைச் சேர்த்தால் கடிதம்.

"இதுக்கா அக்கா தினம் காலையில நாப்பது பேரு மண்டையப் பிச்சிக்கிறீங்க?" என்றாள்.

அடுத்து விசாரணை. போட்டோ பார்த்திருக்கியா? இல்லை. வீடியோ கால்? இல்லை. போன் நம்பராவது? அதுவும் இல்லை. "அப்ப இது லவ் ஸ்கேம் லா! எங்க ஆபீஸ்ல ஒரு ஆன்ட்டி இப்படித்தான், கப்பல் கேப்டன்னு நம்பி..." என்று ஆரம்பித்தாள். இவர் பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது என்றேன். "கேப்டன் இல்லன்னா இஞ்சினியர். எல்லாருக்கும் பொண்டாட்டி செத்துத்தான் போயிருப்பா. அவங்ககிட்ட லிஸ்டே இருக்கு" என்றாள். அவள் பேச்சை அப்படியே எழுதியதற்கு மன்னிக்கவும்.

அந்தச் சந்தேகம் எனக்கும் வராமல் இல்லை. ஆனால் பாலத்துக்கு நீங்கள் ஓடம் என்று விடை அனுப்பிய நாளை நினைத்துக்கொண்டேன். 'குழந்தை கேட்க, அம்மா பாதியில் நின்றால் ஆற்றைக் கடக்கலாம்' என்பது குறிப்பு. குழந்தை கேட்பது பால், அதோடு பாதி அம்மா சேர்ந்தால் பாலம். எல்லோரும் போட்டுவிட்டோம். பாலம் கட்டியவர் மட்டும் தப்பு. கேட்டது கிடைக்காவிட்டால் குழந்தை ஓடத்தானே செய்யும், ஆகவே ஓடமும் சரி என்று மூன்று நாள் வாதாடினீர்கள். கடைசியில், 'நான் கட்டிய பாலங்களைப் பற்றி எனக்குத் தெரியும், நான் ஓடத்திலேயே போய்க்கொள்கிறேன்' என்று எழுதினீர்கள். வேலை இடத்தில் தனியாகச் சிரித்தேன். ஏமாற்றுகிறவன் கணினியிடம் கேட்டுச் சரியான விடையை அனுப்பியிருப்பான் என்று லோகேஸ்வரியிடம் சொன்னேன். "தப்பா பதில் சொன்னதுக்காக ஒருத்தர நம்புற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றாள்.

எனக்கு மணமுறிவு ஆகிப் பல வருஷம் என்பது உங்களுக்குத் தெரியும். காரணத்தை நீங்கள் கேட்டதில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் நல்லவர்தான். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவர் முடித்துவைப்பார். கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். கொஞ்ச காலத்தில் நான் தொடங்குவதையே விட்டுவிட்டேன். நீங்கள் எனக்கு வராத குறிப்புக்கு ஒருநாளும் விடையைச் சொன்னதில்லை. 'மேடம், மூன்றாவது சொல்லை இன்னொரு தடவை பாருங்கள்' என்று மட்டும் போட்டுவிட்டு மாலைவரை சும்மா இருப்பீர்கள். இப்படி ஒருவர் காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத மரியாதை.

ஆனாலும் ஒரு கேள்வி மீதி இருந்தது. அது என்னைப் பற்றியது. வேலை முடிந்து வந்து, பூட்டைத் திறந்து, வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தால், மறுநாள் காலைவரை இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. பக்கத்து வீடு காலியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்படி இருக்கிற ஒருத்திக்கு யார் இரண்டு வரி எழுதினாலும் இனிக்கும். அப்படியானால் எனக்கு வேண்டியது நீங்களா, யாராவது ஒருவரா?

நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எண்ணெயில் எவ்வளவு அமிலம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போது, எண்ணெயே சேர்க்காமலும் ஒரு சோதனை செய்வோம். பிளாங்க் என்போம். மற்ற திரவங்கள் எல்லாம் அப்படியே இருக்கும், எண்ணெய் மட்டும் இருக்காது. அதுவும் கொஞ்சம் காட்டும். அதைக் கழித்தால்தான் எண்ணெயின் உண்மையான அளவு தெரியும். அதுபோல என் தனிமை எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்தால் கழித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன். பத்து நாள் புதிர்ப் பக்கத்தைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பத்து நாளும் மோசமாகப் போயின. வேலைக்குப் போகும் பந்திங் சாலையில் லோரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது விளம்பரப் பலகைகளின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எதை இழந்து தவிக்கிறேன் என்று மட்டும் தெரியவில்லை. புதிரையா, அந்த நாற்பது பேரின் பேச்சையா, உங்களையா? கடைசியில்தான் என் தவறு புரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் கண்ணாடிக் குடுவையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

திரும்பி வந்தேன். விடை அனுப்பினேன். மாலைப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. மறுநாளும் இல்லை. பின்னால் போய்த் தேடினால், நான் காணாமல் போன அதே வாரத்தில் நீங்கள் எழுதியிருந்தது கிடைத்தது. வெளியூர் போகிறேன், இணையம் கிடைக்காது, கொஞ்ச நாள் வரமாட்டேன் என்று. அதற்குக் கீழேயே சிரம்பான் ரமணி அக்கா, "எந்த வெளியூரு அண்ணே? நேத்து வாட்ஸ்அப்புல உங்க வீட்டுக் கொய்யா மரத்துப் படத்தயில்ல போட்டிருந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். என்னையும் விடவில்லை. "என்ன மலரு, ஒருத்தர் வந்தா ஒருத்தர் போறீங்க, ரெண்டு பேரும் டிராபிக் லைட்டா?" என்றார். ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு மூடிவிட்டேன்.

உங்கள் கடிதம்தான் என்னை விரட்டிவிட்டது என்று நினைத்தீர்கள். நான் சங்கடமில்லாமல் திரும்பி வரட்டும் என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். சரிதானே? ரமணி அக்காவிடம் உங்கள் நம்பரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுநாள் சிரம்பான் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தபால்.

ஆக, இப்போது எல்லாம் இருக்கிறது. காலையில் குறிப்பு, மாலையில் பட்டியல், கிண்டல், வாக்குவாதம். நீங்கள் மட்டும் இல்லை. நான் செய்திருக்க வேண்டிய சோதனையை எனக்குத் தெரியாமலே நீங்கள் செய்து கொடுத்துவிட்டீர்கள். நேற்றைய குறிப்பு மிக நன்றாக இருந்தது. காலையில் பசியாறும்போதே விடை வந்துவிட்டது. மாலையில் எல்லோரும் பாராட்டி எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு வரியும் எழுதத் தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன்.

தனிமையைக் கழித்துப் பார்த்துவிட்டேன். மிச்சம் இருக்கிறது. பெரிய எண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைத்தவறால் வருகிற அளவு இல்லை.

ஒரே மேசையில் உட்கார்ந்து புதிர் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் எனக்குப் பயம். புதிர் முடிந்த பிறகும் நாள் நீளமாக இருக்கும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தொலைக்காட்சிச் சத்தம் ஆகாது. கோயிலுக்கு லோகேஸ்வரி இழுத்துப்போனால்தான் உண்டு. வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிட முடியாது, நீங்கள் மகளையும் வீட்டையும் விட்டு இங்கே எத்தனை நாள் இருப்பீர்கள் என்றும் தெரியாது. இதையெல்லாம் எழுத்தில் அழகாகச் சமாளித்துவிடலாம். நாம் இருவருமே அதில் கெட்டிக்காரர்கள். அதனாலேயே எனக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை குறைவு.

ஆகையால் சம்மதம் என்று எழுதவில்லை. வாருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன். விடுதி நீங்கள் சொன்னபடி பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இருக்கட்டும், நான் கிள்ளானிலிருந்து ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து அங்கிருந்து நடந்துவிடுவேன். முதல் நாள் லோகேஸ்வரியும் கூட வருவாள், தடுக்க முடியாது. "முதல்ல பாஸ்போர்ட்டக் காட்டச் சொல்லு" என்கிறாள். காட்டிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் நாள் நான் மட்டும் வருகிறேன். அன்று புதிரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மற்றதைப் பேசிப் பார்ப்போம். பேச ஒன்றும் இல்லை என்றால், அதுவும் தெரிந்துவிடும்.

அந்த வாரம் முழுவதும் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா போனபோதுகூட நான் இவ்வளவு நாள் எடுத்ததில்லை. மேலாளர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா, ஆஸ்பத்திரியா என்று கேட்டார். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் விடுதியில்தான் தங்கப்போகிறீர்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தக் கடிதம் உங்களை வந்தடைய இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் உங்கள் மனம் மாறியிருந்தால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும். மாறவில்லை என்றால், எதற்கும் விமானம் வந்துசேரும் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அழைத்துப்போக வருவேன் என்று சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நல்லது.

நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மலர்விழி