கருநீலத்துக்கு அஞ்சு தண்ணி பத்தாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் ஓடிட்டுத்தான் இருக்கோம், ஒண்ணும் குறையில்ல. நீ நல்லா இருக்கியான்னு கேக்கல, போன வாரம் போன்ல உன் குரல் துள்ளின துள்ளலே சொல்லிடுச்சு. அப்பாவுக்கு முட்டி வலி விட்டபாடில்ல. வண்டிக்கு கிளட்ச் போனா கடையில கிடைக்குது, என் முட்டிக்கு ஸ்பேர் எவன் விக்கறான்னு டாக்டர்கிட்டயே கேட்டிருக்கார் மனுஷன், அவர் சிரிச்சுட்டு அதே மாத்திரையை மறுபடி எழுதிக் குடுத்தாராம். உன் ரூம் ஜன்னல் கொக்கி உடைஞ்சு காத்துல படபடன்னு அடிச்சுது, கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கேன். குளிருக்கு காதை மூடிட்டுப் போ, அங்க போயி ஸ்டைல் பாக்காதே.

சரி, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராதுன்னு உனக்கே தெரியும். பத்தாவதுல பாதியில பையைத் தூக்கிப் போட்டுட்டு வந்தவ, பத்தொன்பதுல உன்னைப் பெத்தவ, தையல், நூல் கோன் சுத்தறது, பேக்கிங்னு எதுலயும் ரெண்டு வருஷம் சேந்தாப்ல நிக்காதவ, இந்த சாயப்பட்டறை வேலையில மட்டும்தான் ஒன்பது வருஷமா நிக்கறேன். அந்த நான்தான் உன் சோதனையைக் கெடுத்தேன். போன்ல சொல்லலாம்னு மூணு தடவை வாயெடுத்தேன், நீ அந்தச் சோதனையைப் பத்தி மேடையில பேசப் போறேன், மூணு மில்லுக்காரங்க வந்து கேக்கப் போறாங்கன்னு சொல்லிட்டே போற, நான் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு போனை வச்சுடறேன். அதான் பேப்பர்ல எழுதறேன். இதை உன் காலேஜ் சாரும் படிக்கணும், அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேத்து முதல்லேர்ந்து சொல்றேன், பொறுத்துக்கோ.

சாயம் ஏத்தின துணியை நாங்க எட்டு தண்ணி அலசுவோம். ஒரு தண்ணின்னா மெஷினை ஒரு தடவை ரொப்பிக் காலி பண்றது, அதுவே மூவாயிரம் லிட்டர். நீ லீவுக்கு வந்தப்ப, சூட்டுத் தண்ணியை முன்னாடியே விட்டா அஞ்சு தண்ணி போதும்னு சொல்லி, புது மீட்டரெல்லாம் மாட்டி, என் மூணாம் நம்பர் மெஷின்ல பன்னண்டு லாட், அதாவது பன்னண்டு தடவை துணி போட்டு, ஓட்டின. எட்டு லாட் வெளிர் கலர், நாலு லாட் அடர் கலர், மெரூனும் கருநீலமும். கடைசித் தண்ணியை நான் வெள்ளை மக்குல பிடிச்சுப் பாப்பேனே, அடியில இருக்கற கீறல் தெரிஞ்சாத்தான் துணியை எடுப்பேன், உனக்குக் கூட அதைப் பாத்து சிரிப்பு. வெளிர் கலர் எட்டுலயும் கீறல் பளிச்சுனு தெரிஞ்சுது. அடர் கலர்ல தெரியலடி. நீ துணி சாம்பிளைத் தூக்கிட்டு லேப்புக்கு ஓடின நேரம், மீட்டர்ல சேராத பழைய கைவால்வு ஒண்ணு பின்னாடி இருக்கு, அதைத் திறந்து பத்து நிமிஷம் தண்ணியை வழிய விட்டேன். முதல் சாம்பிள் சரியில்ல, ஓரத்துல வெட்டிட்டோம், மறுபடி எடுத்துக்கோன்னு உன்கிட்ட சொன்னேன். நீயும் நம்பி நடுவுல வெட்டிட்டுப் போன. நாலு அடர் லாட்டுக்கும் இதேதான். தெரியாம பண்ணல, மறந்தும் பண்ணல.

ஏன்னு கேப்ப. கலர் விடற துணியை என் கையால வெளிய அனுப்பி எனக்குப் பழக்கமில்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு, ரெண்டாம் நம்பர் மெஷினை ஓட்டறானே நெட்டை, அவனும் மத்தவனுங்களும் கையைக் கட்டிட்டு, காலேஜ் புள்ள எப்ப கவுறும்னு வேடிக்கை பாத்துட்டு நின்னானுங்க. அவனுங்க முன்னாடி நீ முகம் வாடி நிக்கறதை என்னால பாக்க முடியல. அவ்வளவுதான். நல்லதுதான் பண்றோம்னு நினைச்சேன்.

நீ கிளம்பினப்புறம் மேனேஜர் உன் பேர் போட்ட அஞ்சு தண்ணி சீட்டை ஆறு மெஷின்லயும் ஒட்டினார். நெட்டை மெஷின்ல ஒரு கருநீல லாட் ஓடுச்சு. வெள்ளை டீ ஷர்ட்டுக்குக் கருநீலக் காலராம், வாங்கினவன் ஒரு தடவை துவைச்சதும் கழுத்தைச் சுத்தி வெள்ளையெல்லாம் நீலம். மொத்தமும் திரும்பி வந்து கோடவுன் வாசல்ல மலை மாதிரி கிடக்கு. மூணாம் நம்பர்ல நின்ன கலர் உன் மெஷின்ல ஏன் நிக்கல, நீதான் கவனிக்கலன்னு மேனேஜர் நெட்டையை வீட்டுக்கு அனுப்பிட்டார். இனிமே வெளிரோ அடரோ எல்லாத்துக்கும் பழையபடி எட்டு தண்ணின்னு உன் சீட்டையும் கிழிக்கச் சொன்னார். நான் நாலு நாள் வாயைத் திறக்கல. தெரிஞ்சே ஒருத்தனை வீட்ல உக்கார வச்சுட்டு நான் ஒழுங்கா வேலைக்குப் போயிட்டு வந்திருக்கேன். அஞ்சாம் நாள் ஸ்க்ரூடிரைவரால சுரண்டி ஒட்டின சீட்டைப் பிய்க்கறாங்க, உன் பேர் இருந்த பாதி கீழ தண்ணியில விழுந்துச்சு. அப்பதான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போயி கதவைக் கூடத் தட்டாம சொன்னேன். அவர், ஏம்மா, உங்க பொண்ணு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையான்னு கேட்டார்.

நெட்டையை அன்னைக்கே கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு நாள் என் மூஞ்சியைப் பாக்கல, மூணாம் நாள் வந்து, ஏக்கா, நீ வால்வைத் திறந்ததுக்கு நான் அஞ்சு நாளா வீட்ல பாத்திரம் தேய்ச்சேன், என் பொண்டாட்டி உனக்கு நன்றி சொல்றாளாம்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா மன்னிச்சுட்டான்னு அர்த்தமில்ல, எனக்குத் தெரியும். என்னை மெஷின்லேர்ந்து எடுத்து துணி காயவைக்கற பக்கம் போட்டிருக்காங்க. அது சரிதான், அதுக்கு வருத்தமில்ல.

ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கினேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மா இருக்கறப்ப அடர் கலரை மறுபடி ஓட்டணும்னு. லேப் அக்கா கூட நின்னாங்க. முதல் வேலையா அந்தக் கைவால்வுக்குப் பூட்டுப் போடச் சொல்லி சாவியை அவங்ககிட்டயே குடுத்துட்டேன், என் கையை நானே நம்பல. மெரூன் ரெண்டு, கருநீலம் ரெண்டு. அஞ்சு தண்ணியில நாலும் கலர் விடுது, ஈர வெள்ளைத் துணியை வச்சுத் தேய்ச்சா அப்படியே ஒட்டுது. சோப்புத் தண்ணியில பத்து நிமிஷம் கூட ஓட விட்டு, ஒரு சூட்டுத் தண்ணி சேத்து ஆறாக்கினா நாலுலயும் கலர் நிக்குது. ஆக வெளிருக்கு அஞ்சு, அடருக்கு ஆறு. லேப் அக்கா எழுதிக் குடுத்த தாளையும் தேய்ச்ச துணித்துண்டையும் இதோட வச்சிருக்கேன். நீ சொன்ன அளவு மிச்சமில்லதான். ஆனா அடர்லயும் ஒரு லாட்டுக்கு ஆறாயிரம் லிட்டர் மிஞ்சுதே, நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரி ஒண்ணு அவ்வளவுதான் பிடிக்கும். போர் தண்ணி உப்பாயிடுச்சுன்னு நாம எத்தனை வருஷம் குடத்தோட அந்த லாரி பின்னாடி ஓடியிருக்கோம். இதை எட்டு தண்ணிக்குத் திரும்ப விட்டுடாதே. மேனேஜர் சொல்லிட்டார், நீ திருத்தி, உன் சார் கையெழுத்தோட அனுப்பினாத்தான் மெஷின்ல மறுபடி ஒட்டுவாராம். அந்த மூணு மில்லும் உன் பேச்சைக் கேட்டு அஞ்சுன்னு ஓட்டினா அங்கயும் ஒரு நெட்டை வீட்டுக்குப் போவான்.

அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அவர், மேடை முடியட்டும், அப்புறம் சொல்லலாம், புள்ள மனசு உடையும்னார். நான் ஒத்துக்கல. நீ தோக்க வேண்டிய இடத்துல உன்னைத் தோக்க விட்டிருக்கணும்டி. அன்னைக்கே கலர் விட்டிருந்தா நீ ராத்திரி சாப்பிடாம உக்காந்து யோசிச்சு மறுநாளே ஆறுன்னு கண்டுபிடிச்சிருப்ப, அந்த மூளை உனக்கு இருக்கு. அதைத்தான் நான் பிடுங்கிட்டேன். அதுக்கு மன்னிப்பு கேக்கறேன், அம்மான்னு பாத்து சும்மா மன்னிக்காதே.

கூரியர்ல ஆறு நாள்ல வந்துடுமாம், உன் மேடைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. மெஷின் சரியில்ல, மீட்டர் சரியில்லன்னு மழுப்பி எழுதாதே. மெஷின் ஓட்டின ஆள் வால்வைத் திறந்துட்டாங்க, அந்த ஆள் என் அம்மான்னு அப்படியே எழுது. நேரத்துக்கு சாப்பிடு, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளிய போகாதே. எத்தனை பேர் பாத்தாலும் நிஜத்தைச் சொல்றப்ப உன் குரல் நடுங்காம இருக்கணும், உனக்கு நான் குடுக்கற ஆசீர்வாதம் அதுதான். முதல்ல சார்கிட்ட சொல்லு, அப்புறம் எனக்கு போன் பண்ணு. என்ன திட்டணுமோ திட்டு, முதல் மணியிலயே எடுக்கறேன்.

இப்படிக்கு,
மூணாம் நம்பர் மெஷின்ல அந்த நாலு லாட்டையும் ஓட்டின உன் அம்மா