வெளியே எடுத்து வைத்த பாட்டில்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கை தன்னால் எழுதப் போகிறது. அப்படி எழுத முடியாது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம் குட்டி நன்றாக இருக்கிறாள். அதை இன்னொரு தடவை படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மீதியைப் படியுங்கள்.

கோழி கிளறின மாதிரி இருக்கும் இந்தக் கையெழுத்து என்னுடையதுதான். விரலில் இப்போதுதான் பலம் திரும்புகிறது. நாலு வரி எழுதினால் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் போனில் நீங்கள் ஹலோ ஹலோ என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், குரல் வராது. அதனால்தான் என் தம்பி போனை வாங்கி, ஆபத்து தாண்டியாச்சு மாமா, நீங்க பதறாதீங்க என்று சமாளித்தான். அவன் சொன்னது என்னைப் பற்றி மட்டும். உங்கள் அக்காவைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. உங்கள் வேலையிடத்துக்கு வரும் மலைப்பாதை மண் சரிந்து மூடிக் கிடந்தது திறந்துவிட்டதாம், லீவில் வந்திருக்கும் உங்களோடு வேலை செய்யும் வெல்டர் நாளை அங்கே கிளம்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் அந்த ஃபிரிட்ஜில் ஆரம்பித்தது. வாங்கினது நாம், ஆண்டது உங்கள் அக்கா. அவள் வீட்டில் செய்து விற்கும் கேக்குக்கு ஆர்டர் கூடக் கூட, மேல் தட்டில் கிரீம், நடுத் தட்டில் கிரீம், கதவில் வெண்ணெய். ஒரு தக்காளி வைக்க நான் அவளிடம் மனுப் போட வேண்டும். அவளும் நானும் எலியும் பூனையுமாக இருந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. யார் எலி என்பதில்தான் கடைசிவரை எங்களுக்குள் முடிவு ஏற்படவில்லை.

எனக்கு உடம்பில் ரத்தம் குறைவு என்று சொன்னார்கள் அல்லவா, ஃபாக்டரியில் பட்டன் தைக்கிறவள் கேரட் ஜூஸ் குடி என்றாள். பெரிய கடையில் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். காய்ச்சாதது, எந்த மருந்தும் கலக்காதது என்று பெருமையாகப் போட்டிருந்தது. எப்போதும் குளிரிலேயே வைக்கவும் என்றும் போட்டிருந்தது. நான் கொஞ்சம் மொத்தமாகவே வாங்கி வந்து, மூடி திறக்காமல் கீழ்த் தட்டில் அடுக்கினேன். அக்கா பார்த்துவிட்டு, வீட்ல முயல் வளக்கப் போறியா என்றாள். என் தம்பி வீட்டுக்கு ரெண்டு மூன்று நாள் போய்வந்த பிறகுதான் முதல் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

பிறகு ஒருநாள் வேலையில், சட்டையைச் சரிபார்க்கும்போது ஒரு பட்டன் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், காலரும் இரண்டு. சூப்பர்வைசர், உனக்குத்தான் ரெட்டைச் சம்பளம் குடுக்கணும் போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மதியத்துக்குள் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாயந்தரம் இமை தன்னால் விழுந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. தெருமுனை டாக்டர் அசதி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மறுநாள் அந்த மாத்திரையை விழுங்கவும் முடியவில்லை, மூச்சு இழுக்கவும் முடியவில்லை. என்னை அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது உங்கள் அக்காதான். வழியெல்லாம் என் கன்னத்தில் தட்டித் தட்டி, தூங்கினே கொன்னுடுவேன் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது சொல்வதை நம்புங்கள். மிஷின்தான் மூச்சு விட்டது, கண் திறக்கவில்லை, கை கால் என் சொல் கேட்கவில்லை. ஆனால் எனக்கு நினைவு ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை. எல்லாம் கேட்டது. என் தலைமாட்டில் நின்றே, இது தேறாது என்று ஒருத்தர் சொன்னது கேட்டது. தம்பி சுவரோரம் நின்று விசும்பியது கேட்டது. அட பாவிகளா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். பக்கவாதமா, நரம்புக் காய்ச்சலா என்று டாக்டர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியவில்லை.

அக்கா தினமும் வருவாள். எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் பேசுவாள். நான் எதிர்த்துப் பேசாமல் படுத்திருப்பது அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருநாள் காலை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றடுக்குக் கேக் ஒன்று செய்ததைப் பற்றி ஆரம்பித்தாள். நான் விழுவதற்கு முந்தைய வாரம் செய்தது. அது ஃபிரிட்ஜுக்குள் போகவில்லையாம். அதனால உன் ஜூஸ் பாட்டிலையெல்லாம் வெளிய அடுப்புப் பக்கத்து மேடையில எடுத்து வெச்சேன்டி, நீ ஊர்ல இல்லாத ரெண்டு மூணு நாள் அப்படியே கிடந்துச்சு, நீ வந்து பாத்தா ஆடிடுவேன்னு சத்தமில்லாம திரும்ப உள்ள அடுக்கிட்டேன் என்றாள். சிரித்தாள். ஒண்ணும் கெட்டுப் போகல, நான் மோந்து பாத்துட்டேன், நானே இன்னிக்கு ஒரு டம்ளர் குடிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, நீ காசு போட்டு வாங்கினது வீணாப் போகக்கூடாது பாரு, மீதியை மாடி வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்திருக்கேன், குட்டி ஸ்கூல் விட்டு வந்ததும் குடுக்கச் சொல்லி என்றாள்.

எப்போதும் குளிரிலேயே வைக்கவும். அந்த எழுத்து என் மூடிய கண்ணுக்குள் வந்து நின்றது. நான் படுத்திருப்பது எதனால் என்று அந்த நிமிஷம் புரிந்தது. என் குழந்தைக்காக ஊற்றி வைத்திருப்பது என்ன என்றும் புரிந்தது. சொல்ல வாய் இல்லை. ஐயோ, அந்த மாதிரி ஒரு நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

எனக்குக் கோபம் வந்தால் கால் கட்டைவிரலை மடக்குவேன் அல்லவா, அதைச் சொல்லிச் சொல்லியே அக்கா என்னைக் கேலி செய்வாளே. எங்கே பலம் மிச்சமிருந்ததோ தெரியாது, அது ஒரு நூலளவு மடங்கியிருக்கிறது. டாக்டர் பார்த்திருந்தால் தசை துடிக்கிறது என்று போயிருப்பார். அக்காவுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஏண்டி, கோவமா உனக்கு என்றாள். கேக் மேலயா என்றாள். நான் அசையவில்லை. ஜூஸா என்றாள். மடக்கினேன். குட்டிக்குக் குடுக்கறதாலயா என்றாள். உயிரையெல்லாம் அங்கே கொண்டுபோய் மடக்கினேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நர்ஸைக் கூப்பிட்டு, ஜூஸ்ல ஏதோ இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லுங்க என்று அலறினாள். அப்புறம் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓடியது.

மாடி வீட்டுப் பெண் போன் எடுக்கவில்லை என்று நர்ஸ் யாரிடமோ சொன்னாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த செய்தி. அன்று முழுக்க என் குழந்தை குடித்தாளா இல்லையா என்று தெரியாமல் கிடந்தேன். எனக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். டாக்டர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மண்ணில் இருக்கிற கிருமியாம். காற்றுப் புகாத பாட்டிலில், குளிர் விட்டுப் போனால் விஷம் கக்குமாம், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த விஷம் போகாதாம். வாடை மாறாமல், ருசி மாறாமல்கூட இருக்குமாம். இதையெல்லாம் எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள், குட்டி எங்கே என்று யாராவது சொல்லுங்களேன் என்று கிடந்தேன்.

மறுநாள் அக்கா வந்தாள். என் காதருகே குனிந்து, குட்டி குடிக்கல, ஸ்கூல் வேன் லேட்டு, நான் முந்திட்டேன், எல்லாத்தையும் கொட்டிட்டேன், அழாத என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். அவள் நாக்கு குழறியது. கொட்டிட்டேன் என்பது வாய்க்குள்ளேயே உருண்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சில நாள் முன்னால் என் வாயிலிருந்து வந்த குரல் அது.

அவள் ஒரு டம்ளர் குடித்ததை என்னைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே மருந்து ஏற்றியிருப்பார்கள். குழந்தை பின்னால் ஓடியவளுக்குத் தன் நினைப்பு எங்கே இருந்திருக்கும். இப்போது அவள் என் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். அன்று எனக்கு மூச்சு விட்ட மிஷின் போலவே ஒன்று அவளுக்கு. சர்க்கரை வேறு இருக்கிறதா, எனக்கு மெல்ல விலகிய முடக்கம் அவளுக்கு விலகவில்லை. நேற்று முதல் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. டாக்டர் இப்போதெல்லாம் அவள் கட்டிலருகே நின்று பேசுவதில்லை, வெளியே போய்ப் பேசுகிறார்.

சுகாதார அதிகாரி வந்தார். கடையின் மீது தப்பா என்று கேட்டார். இல்லை, வீட்டில் வெளியே இருந்துவிட்டது என்று எழுதிக் காட்டினேன். யார் வைத்தது என்றார். நான்தான் என்று எழுதினேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களைத் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது, தெரியவும் வேண்டாம். தம்பிக்குத் தெரிந்தால் அவள் கட்டிலருகே போயே சத்தம் போடுவான்.

பாதை திறந்துவிட்டது அல்லவா, கிளம்பி வாருங்கள். லீவு கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அக்கா காதில் வைக்கச் சொல்லுங்கள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் குரல் இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு இமை திறக்கவில்லை. நர்ஸ் படித்துச் சொல்கிறேன் என்றாள், நம் வீட்டு விஷயத்தை எப்படி அவள் கையில் கொடுப்பேன். அவளுக்கும் எனக்கும் நடுவே இருப்பது ஒரு கை நீட்டும் தூரம்தான், நானோ ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடமிருந்து கடைசியாக அவளுக்குக் கிடைத்த பதில் கோபம். அதோடு அவள் போய்விடக்கூடாது. அவள் உங்களுக்கு அம்மா மாதிரி என்பீர்களே, எனக்குக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். குட்டி நல்லா இருக்கா, உன் தம்பி பொண்டாட்டிக்கு உன்மேல கோவமே இல்லையாம் என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், மிஷின் இரைச்சல் அதிகம்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
குட்டியின் அம்மா