சுமைதாங்கியில் இருந்த பை

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கினால், எதிரே நம் சுமைதாங்கிக் கல். தலைச்சுமைக்காரர் தாமே இறக்கி வைக்கத் தோதாகத் தோளுயரத்துக்கு நின்றது. என் கையில் பை கனத்தது. ஆனாலும் அதன் மேல் வைக்க மனம் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே இருவரும் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தோம். வரலாறும் இலக்கியமும் ஊர் வழக்கங்களும் ஒன்றாய்க் கலந்த படிப்பு. ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் வகுப்புக்கு உன் சைக்கிளில்தான் போவோம். மேட்டில் மூச்சு வாங்கியபடி, "ஏலே, சரித்திரம் எம்புட்டுக் கனம் கனக்கு! செத்த நேரம் எறங்கி நட" என்பாய்.

ஊரிலுள்ள ஒரு பொருளைப் பற்றி, மக்களிடம் கேட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். இருவருமே இந்தக் கல்லை எடுத்துக்கொண்டோம். நான் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, பழைய வணிகப் பாதையின் அடையாளம் இது என்று இருபது பக்கம் எழுதினேன். நீ எழுதியது இரண்டே பக்கம். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன உன் அக்கா இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, உன் அப்பா நட்ட கல் என்றிருந்தாய். ஆசிரியர் அதைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாம். உனக்கு அக்கா ஏது? எழுந்து நின்று, "சார், இவனுக்கு அக்காவே கிடையாது. மார்க்குக்காகப் புளுகுதான்" என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் நீ வாய் திறந்தாய். "ஊரெல்லாம் கேட்டு எழுதச் சொன்னாகளே, பக்கத்துல இருக்க என்னைய ஒரு வார்த்த கேட்டியால?"

அன்று நான் பஸ்ஸில் திரும்பினேன். நீ அப்புறம் வகுப்புக்கே வரவில்லை. பட்டம் எனக்கு மட்டும் கிடைத்தது. வராமல் நின்றது உன் பிடிவாதம். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அங்கேயே மறுத்துப் பேசியிருக்கலாமே?

நீ போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் காரியத்தில் உன் சித்தி சொன்னார்: "இவனுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. ஆலங்குளத்துல குடுத்தோம். வயித்துப் பிள்ளையோட போயிட்டா. இவன் அப்பம் கைப்பிள்ள. அவ பேச்சையே அவிய அப்பா எடுக்க விடல."

"கல்லு எங்க நட்டாக?"

"ஆலங்குளத்துப் பாதையில. ரோடு போட்டப்பப் பேத்து எறிஞ்சுட்டாக."

அப்படியானால் நீ எழுதிய இந்தக் கல்? தெரியாமல் எழுதினாயா? தெரிந்தேதான், மிஞ்சி நின்ற ஒரு கல்லில் அக்காவைக் கொண்டுவந்து வைத்தாயா? அக்கா உண்மை, கல்லும் உண்மை. சேர்த்து எழுதினால் பொய்யாகிவிடுமா? பட்டம் வாங்கிய எனக்குப் பிடிபடவில்லை. என் வணிகப் பாதையை மட்டும் நான் விடுவதாக இல்லை.

"பெரியவரே, அடுத்த வண்டி வந்துருச்சு. பைய எடுத்துட்டு வாங்க" என்றார் கண்டக்டர்.

பார்த்தால், பை கல்லின் மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

எடுக்கும்போது உன் அக்கா பெயரை ஒருமுறை சொல்ல வேண்டும் போலிருந்தது. சித்தியிடம் கல்லைப் பற்றிக் கேட்டேனே தவிர, பெயரைக் கேட்கவில்லை.